ரப்பர் பேண்ட் போட்ட சாக்ஸபோன்: சார்லி பார்க்கர் திரும்பி வந்த கதை

காலேஜ் நாளில் வாசித்த சாக்ஸபோன் பரணில் தூங்குகிறது. பல வருஷம் கழித்து எடுத்து ஊதினால் பாதி ஸ்வரம் வரவே மாட்டேங்குது. மறந்துபோனது நம்ம கையா, கெட்டுப்போனது வாத்தியமா? ரிப்பேர் செய்வதா, வேறு வாங்குவதா? இந்தக் குழப்பத்தில் இருப்பவர்கள், ஜாஸ் மேதை சார்லி பார்க்கரின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

யார் இவர்?

1920 ஆகஸ்ட் 29-ல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் பிறந்தவர். செல்லப்பெயர் 'பேர்ட்'. 1940-களில் டிஸ்ஸி கில்லெஸ்பி போன்றவர்களோடு சேர்ந்து 'பீபாப்' என்ற புதிய ஜாஸ் பாணியை உருவாக்கியவர்.

ஆனால், அவருக்கு முதலில் கிடைத்தது ஒரு பழைய ஆல்ட்டோ சாக்ஸபோன்தான். அம்மா ஆடி சுமார் 45 டாலருக்கு அதை வாங்கித் தந்ததாகச் சொல்கிறார்கள். ஆங்காங்கே ரப்பர் பேண்ட் போட்டுத்தான் அதை வாசித்தாராம்.

அந்த அவமானம்

1936-ல் கான்சஸ் சிட்டியின் ரெனோ கிளப்பில் பெரிய கலைஞர்களோடு மேடை ஏறினார் பார்க்கர். பாட்டின் நடுவே வழி தவறிவிட்டார். டிரம்மர் ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் வீச, கூட்டம் சிரித்தது. தலை குனிந்து இறங்கினார் பையன்.

தப்பு வாத்தியத்தின் மேலா? முழுசா அப்படிச் சொல்ல முடியாது. பயிற்சியும் போதவில்லை. ஆனால், ஓட்டை வாத்தியத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாக்ஸபோனின் துளைகளை மூடும் பேட்கள் காய்ந்துபோனால் காற்று கசியும். கீழ் ஸ்வரங்கள் சரியா வராது. கூடுதலாக மூச்சைப் பிடித்து ஊத வேண்டியிருக்கும். கடைசியில், தவறு நம்முடையதா, அதனுடையதா என்றே தெரியாது.

திருப்பம்

அதே ஆண்டு நவம்பரில், கச்சேரிக்குப் போகும் வழியில் கார் கவிழ்ந்தது. உடன் வந்த ஒரு கலைஞர் இறந்தார். பார்க்கருக்கு விலா எலும்புகள் முறிந்தன. கிடைத்த இன்ஷூரன்ஸ் பணத்தில் புதிய செல்மர் சாக்ஸபோன் வாங்கினார். 1937 கோடையில் ஓசார்க் மலைப்பகுதி ரிசார்ட்டில் இசைக்குழு வேலை கிடைத்தது. லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அப்படியே வாசித்துப் பழகினார். ஊர் திரும்பியபோது ஆளே மாறியிருந்தார்.

பிளாஸ்டிக் சாக்ஸபோன்

பிற்காலத்தில், ஹெராயின் பழக்கத்தால் பணமுடை வந்து வாத்தியத்தை அடகு வைப்பது அவருக்கு வழக்கமாகிப்போனது. 1953 மே 15-ல் டொரன்டோவின் மாஸி ஹாலில் நடந்த புகழ்பெற்ற கச்சேரியில் அவர் வாசித்தது, கிராஃப்டன் என்ற பிளாஸ்டிக் சாக்ஸபோன். எளிதில் விரிசல் விடும், ரிப்பேர் செய்வதும் கஷ்டம். ஆனாலும் அந்த ஒலிப்பதிவு இன்றும் கொண்டாடப்படுகிறது. 1955 மார்ச் 12-ல் நியூயார்க்கில் பார்க்கர் இறந்தபோது வயது 34 மட்டுமே. 1994-ல் அந்த கிராஃப்டன் லண்டனில் 93,500 பவுண்டுக்கு ஏலம் போனது. இப்போது அது கான்சஸ் சிட்டி ஜாஸ் மியூசியத்துக்குச் சொந்தம்.

அப்போ ரிப்பேர் செய்யலாமா?

மேதையின் மூச்சுக்கு பிளாஸ்டிக்கும் போதும். பழகுகிறவருக்கும், விட்ட இடத்தில் மறுபடி தொடங்குகிறவருக்கும்தான் கசியாத வாத்தியம் அவசியம். எனவே உங்களை நீங்களே குறை சொல்வதற்கு முன், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். குழாய்க்குள் சின்ன விளக்கை விட்டு, மூடிய பேட்களின் ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். பேட், கார்க், ஸ்பிரிங் எல்லாம் மாற்றக்கூடியவை. பித்தளை உடல் நன்றாக இருந்து, அதே தரத்தில் நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் விலையைவிடச் செலவு குறைவு என்றால், தாராளமாகச் செய்யலாம். உடலே வளைந்திருந்தால், செலவு அதைத் தாண்டினால், பாசத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

பார்க்கரும் அந்த ரப்பர் பேண்ட் சாக்ஸபோனைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அவர் விடாமல் பிடித்துக்கொண்டது பயிற்சியை மட்டும்தான்.