வண்டி கட்டியவர் மகன்

திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் காரும் லாரியும் கட்டிடும் தோழர்களே! குதிரை வண்டி கட்டிப் பிழைத்த ஒருவரின் மகனைப் பற்றிக் கூறுகிறேன். மாளிகையிலே பிறந்தவரல்லர், 1825இல் பாரிசிலே, கைவினைஞர் குடும்பத்திலே பிறந்தவர். பெயர், ழான் மார்த்தேன் ஷார்க்கோ.

1862இல் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். முன்பு வெடிமருந்து ஆலை. பின்பு ஏழைப் பெண்கள், வலிப்பு நோயாளர், சித்தம் கலங்கியோர் என, ஊர் ஒதுக்கிய உயிர்களை அடைத்த இடம். மற்றவர்க்கு அது சுடுகாட்டின் முன்வாசல், அவருக்கோ ஆராய்ச்சிக்கூடம்! உயிருடன் உள்ளபோது நடுக்கத்தையும் தளர்ச்சியையும் குறித்தார். இறந்தபின் மூளையையும் தண்டுவடத்தையும் அறுத்து ஆராய்ந்தார். 1882இல் நரம்பு நோய்களுக்கென்றே பேராசிரியர் பதவி ஒன்று அவருக்காக ஏற்பட்டது.

ஆனால், அறுத்தும் தழும்பு தெரியாத நோய் ஒன்று இருந்தது. கை விழும், கால் விழும், வலிப்பு வரும், மூளையிலோ பழுதில்லை! பேய் என்றது பழமை. பாசாங்கு என்றது படிப்பு. பெண்ணுக்கே உரியது என்றது ஏடு. மூன்றையும் மறுத்தார் ஷார்க்கோ. விபத்திலே அதிர்ச்சியுற்ற உழைப்பாளி ஆண்களையே காட்டி, இது நோய், நடிப்பல்ல என்று விளக்கினார். 1885இல் வியன்னாவிலிருந்து வந்து பாடம் கேட்டவர், சிக்மண்ட் பிராய்ட்!

குறையே இல்லையா? உண்டு. ஏழைப் பெண்களை அறிதுயிலில் ஆழ்த்தி அரங்கிலே நிறுத்தினார். கூட்டம் வேடிக்கை பார்த்தது. மருத்துவர் எதிர்பார்ப்பதையே நோயாளி செய்கிறாள் என்று நான்சி நகர மருத்துவர்கள் மறுத்துரைத்தனர். 1893இல் அவர் மறைந்தார்; அவரது கோட்பாடும் சரிந்தது.

கோட்பாடு சரிந்தது, நோய் மறைந்ததா? இல்லை. இன்று அதனைச் செயல்சார் நரம்பியல் கோளாறு என்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் ஹூவர் 1908இல் ஒரு சோதனை சொன்னார். விழுந்த காலை அழுத்தச் சொன்னால் அழுத்தாது; மறு காலைத் தூக்கச் சொன்னாலோ, விழுந்த கால் தானாகவே படுக்கையை அழுத்தும்! நரம்பு அறுந்திருந்தால் அழுத்துமா? இதை நோயாளிக்கே காட்டி விளக்குவதும், பிசியோதெரபியும், உளவியல் சிகிச்சையுமே வழி. நரம்பு மருத்துவரும் மனநல மருத்துவரும் கைகோத்தாக வேண்டும்.

இவ்வளவு தெரிந்த காலத்திலும் நம் நாட்டிலே நடந்தது என்ன? 2001 ஆகஸ்டு 6இல், ஏர்வாடியிலே, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையாயினர்! 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடுத்துவிட்டது. சட்டம் இரும்பை அறுக்கும். எண்ணத்தில் உள்ள சங்கிலியை யார் அறுப்பது?

ஆலையிலே ஓர் உழைப்பாளி துடித்து விழுந்தால், வேப்பிலை தேடாதீர், வேடமென்று ஏசாதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வண்டி கட்டியவர் மகன் அன்று தொடங்கிய பணி, வண்டி கட்டும் உங்கள் கையிலே இன்று இருக்கிறது!