சார்லி சாப்ளின்

1889-ல் லண்டனில் பிறந்த சார்லி சாப்ளினின் தகப்பனார் குடியால் மாண்டார், தாயாருக்குச் சித்தப்பிரமை. ஏழைகள் விடுதியில் நாள் கழித்த அப்பிள்ளை, பின்னர் அமெரிக்கா சென்று, 1914 முதல் கந்தல் நாடோடியாகத் திரையில் தோன்றி உலகையே சிரிக்க வைத்தார்.

1931-ல், பேசும் படங்கள் மலிந்த பின்னரும், ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் அவர் பேச மறுத்தார். கண்ணிழந்த பூக்காரிக்குப் பார்வை கிடைக்கப் பணம் தந்த நாடோடி, அதன் பொருட்டே சிறை சென்று மீள்கிறான். உதவியவர் சீமான் என்றே நம்பியிருந்த அவள், இரங்கிக் காசு கொடுக்கையில் கையைத் தொட்டு ஆளை அறிகிறாள். ஏற்பாளா, மறுப்பாளா? அவன் முகத்தில் அச்சமும் நம்பிக்கையும் ஒருங்கே தோன்ற, படம் முடிந்து விடுகிறது. பேசும் படம் எதுவும் மனித மனத்தை இவ்வளவு திறந்து காட்டியதாக நமக்கு நினைவில்லை.

அத்தகையவரை 1952-ல் அமெரிக்க சர்க்கார் அரசியல் சந்தேகத்தால் திரும்பி வரவொட்டாமல் தடுத்தது. 1972-ல் ஹாலிவுட் தானே அழைத்து விருதளித்தது, சென்றார். 1977-ல் ஸ்விட்ஜர்லாந்தில் காலமானார்.