பிழியும் கருவி தந்த புத்தகம்

சாலையில் செல்லும் சில வாகனங்களில் 'பிரஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை செய்தியாளர்களின் வாகனங்கள். சட்டைக்கு இஸ்திரி போடுவதையும் 'பிரஸ்' பண்ணுவது என்கிறோம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகமும் 'பிரஸ்'தான். ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள்?

அந்த ஆங்கிலச் சொல்லின் அடிப்படைப் பொருள் 'அழுத்து' என்பதாகும். அது அச்சுத் தொழிலுக்கு வந்து சேர்ந்த கதையில் முக்கியமானவர் ஜோகன்னஸ் குட்டன்பர்க்.

இவர் சுமார் 1400-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மெயின்ஸ் நகரில் பிறந்தார். உலோக வேலையில் தேர்ந்தவர். அக்காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைக் கையால் எழுதியே பிரதி எடுத்தனர். அதனால் விலை மிக அதிகம். ஏழைகளுக்குப் புத்தகம் எட்டாக்கனி! தனித்தனி எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறை சீனாவிலும் கொரியாவிலும் முன்பே இருந்தது. ஐரோப்பாவில் அதைச் சாதித்துக் காட்டியவர் குட்டன்பர்க்.

ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி ஆகியவற்றை உருக்கிக் கலந்து, ஒவ்வோர் எழுத்தையும் தனியே வார்த்தார். ஒரு பக்கம் அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து அடுத்த பக்கத்துக்குக் கோக்கலாம். தண்ணீர் கலந்த மை உலோகத்தில் சரியாக ஒட்டாது என்பதால், எண்ணெய் கலந்த மையைப் பயன்படுத்தினார்.

சரி, எழுத்தின் மீது தாளை வைத்துச் சமமாக அழுத்த வேண்டுமே? அங்கே திராட்சை பிழிய, திருகு பொருத்திய மரக் கருவி இருந்தது. அதைப் போலவே அச்சு இயந்திரத்தை அமைத்தார். அழுத்தும் கருவியின் பெயரே அச்சகத்துக்கும் ஆனது. பின்னாளில் அங்கு அச்சான செய்தித்தாள்களுக்கும், செய்தியாளர்களுக்கும் அதே பெயர் வந்தது.

இந்த வேலைக்காக யோகான் ஃபுஸ்ட் என்ற செல்வந்தரிடம் இருமுறை கடன் வாங்கினார் குட்டன்பர்க். 1455 வாக்கில் சுமார் 180 பைபிள் பிரதிகள் தயாராயின. உழைப்பின் பலன் கைக்கு வரும் நேரம்! அப்போது ஃபுஸ்ட் கடனைக் கேட்டு வழக்குத் தொடர்ந்து வென்றார். அச்சுக்கூடம் கைமாறியது. உதவியாளர் பீட்டர் ஷோஃபரும் ஃபுஸ்டுடன் சேர்ந்துகொண்டார். 1457-இல் அவர்கள் வெளியிட்ட நூலில் அவ்விருவர் பெயர்களும் அச்சாயின. குட்டன்பர்க் அச்சிட்ட எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை!

1465-இல் மெயின்ஸ் பேராயர் அவருக்கு ஆண்டுதோறும் தானியமும் உடையும் வழங்க ஏற்பாடு செய்தார். 1468-இல் குட்டன்பர்க் மறைந்தார்.

ஆனால் அவரது கலை மறையவில்லை. 1500-க்குள் ஐரோப்பாவில் 200-க்கும் மேற்பட்ட ஊர்களில் அச்சகங்கள் தோன்றின. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலும் ஒரு புத்தகம் அச்சானது. இன்று உங்கள் பாடப்புத்தகத்தைத் திறக்கும்போது, பெயர் போடாமல் போன அந்த மனிதரையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.