தந்தி தந்த டாக்டர்

செம்புக் கம்பியில் போகும் டேட்டா அனலாக்கா, டிஜிட்டலா? கம்யூனிகேஷன் பாடம் நடந்தாலே நம் வகுப்பில் இந்தச் சண்டைதான். அதற்குப் பதில் ஒரு டாக்டரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் வில்லியம் புரூக் ஓ'ஷாநெசி.

அயர்லாந்தின் லிமரிக்கில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். 1831-ல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். தண்ணீரும் உப்பும் குறைந்து போவதைக் கண்டார். இழந்ததை ரத்தக்குழாய் வழியே திருப்பித் தரலாம் என்று எழுதினார். 1832-ல் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் அதைச் செய்தே காட்டினார். இன்றைய சலைன் பாட்டிலுக்கு அதுதான் ஆரம்பம். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவரின் பிள்ளை நான். இதைப் படித்ததும் உப்பின் மேல் மரியாதை கூடிப்போச்சு!

1833-ல் கம்பெனி டாக்டராகக் கல்கத்தா வந்தார். மருத்துவக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி பேராசிரியரானார். 1839-ல் 21 மைல் கம்பி இழுத்து மின்சாரத்தில் சேதி அனுப்பிக் காட்டினார். அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். டல்ஹௌசி காலத்தில்தான் வழி பிறந்தது. 1851-ல் கல்கத்தா – டைமண்ட் ஹார்பர் லைன் வந்தது. காற்றுக்கும் குரங்குக்கும் தாங்கும்படி தடித்த இரும்புக் கம்பி போட்டார். 1855-க்குள் ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் இணைந்துவிட்டன. 1856-ல் சர் பட்டம் பெற்றார். 1889-ல் மறைந்தார்.

இப்போது நம் சண்டைக்கு வருவோம். அவர் கருவியில் ஓர் ஊசி உண்டு. கரண்ட் ஒரு திசையில் போனால் இடப்பக்கம் சாயும், மாற்றி விட்டால் வலப்பக்கம் சாயும். இரண்டே நிலை, ஆகவே சேதி டிஜிட்டல். ஆனால் கம்பிக்கு இடது, வலது தெரியுமா? தூரம் கூடினால் கரண்ட் குறையும், மழை பெய்தால் கசியும். அது அனலாக். ஊசி எவ்வளவு சாய்ந்தது என்று பார்க்காமல் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்ததால் சேதி பிழைத்தது. போன் லைனில் மோடம் செய்ததும், பிராட்பேண்டில் டிஎஸ்எல் செய்வதும் இதே வேலைதான். கம்பியில் ஓடுவது அனலாக், நாம் வாசிப்பது டிஜிட்டல். சண்டை போட்ட இரண்டு கட்சிக்கும் வெற்றி!

தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் தந்தி வந்தால் அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடி ஓடுவோம் என்று எங்கள் ஆயா சொல்லும். அந்த வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படிக்க வந்து, கம்பியில் சேதி போகும் விதத்தை நான் எழுதுகிறேன். அரியர் விழுந்ததற்கே சோர்ந்து போகிற நண்பர்களே, பத்து வருஷம் காத்திருந்த அந்த மனிதரை நினையுங்கள்!