செல்லின் மேற்பரப்பில் உயிரைக் கண்டவர்: எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்

செல்லைப் பற்றிப் பள்ளியில் படித்தபோது உட்கருவை அரசனாகவும் செல் சவ்வை அதன் கோட்டைச் சுவராகவும் நாம் மனத்தில் பதித்துக்கொண்டோம். அது வெறும் சுவரன்று, உயிர்ச்செயல் நிகழும் களம் என்று வாதாடியவர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட். ராபர்ட் ஹூக்கையும் ஷ்வானையும் அறிந்த நாம், இக்கறுப்பின அறிவியலாளரின் பெயரைப் பாடநூலில் கண்டதில்லை.

1883இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்த அவரை, பள்ளி ஆசிரியையான தாய் மேரி பாஸ்பேட் சுரங்கத்திலும் உழைத்து வளர்த்தார். 1907இல் டார்ட்மத் கல்லூரியில் உயர் சிறப்புடன் தேறினார். எனினும் வெள்ளையர் கல்லூரிகளின் ஆசிரியப் பணி அன்று கறுப்பினத்தவருக்கு மூடப்பட்டிருந்தது. வாஷிங்டனில் கறுப்பின மாணவர்கள் பயின்ற ஹவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1909 முதல் கோடைக்காலங்களில் மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில், ஃபிராங்க் லில்லியின் வழிகாட்டுதலில் ஆய்ந்தார். 1916இல் சிகாகோ பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தது.

கடல் அர்ச்சினுக்கு உறவான, நாணயம்போல் தட்டையான ஓர் உயிரியின் முட்டையை அவர் கூர்ந்து நோக்கினார். விந்தணு தொட்ட இடத்திலிருந்து முட்டையின் மேற்பரப்பெங்கும் ஒரு மாற்றம் அலையாய்ப் பரவியது. அலை கடந்த பரப்பில் வேறு விந்தணு நுழைய இயலவில்லை. கருவுறுதல் படலம் எழும்பியது அதற்குப் பின்னரே. பல விந்தணுக்கள் புகுந்தால் செல்பிரிதல் குலைந்து கரு அழியும். அதைத் தடுப்பது மேற்பரப்பே என்று ஜஸ்ட் உய்த்துணர்ந்தார். இவ்விரைவுத் தடையில் சவ்வின் மின்னழுத்த மாற்றத்திற்குள்ள பங்கைப் பிறர் அளந்து காட்டியது 1970களில்தான்.

சவ்வின் தடிப்பு ஏறத்தாழ 7 முதல் 10 நானோமீட்டர். அவர் காலத்து நுண்ணோக்கிக்கு அது எட்டாது. ஆகவே அவர் பேசியது சவ்வுக்கு அடியிலுள்ள புறச் சைட்டோபிளாசத்தையும் சேர்த்தே. மரபணுக்களின் பங்கை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

உட்ஸ் ஹோலில் கடலுயிரி முட்டைகளைக் கையாளும் முறையை வெள்ளை அறிஞர்கள் அவரிடம் கேட்டறிந்தனர். அவர்களில் சிலருடைய குடும்பங்களோ அவர் குடும்பத்தை ஒதுக்கின. வெள்ளையர் பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு நிலையான பணியிடம் தரவில்லை. 1929இல் நேப்பிள்ஸுக்கும், அடுத்த ஆண்டு பெர்லினின் கைசர் வில்ஹெல்ம் நிறுவனத்திற்கும் சென்றார். ஐரோப்பாவில் கிடைத்த மதிப்பு அவரை அங்கேயே ஈர்த்தது. ஆனால் 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியில் அவருக்கு இடமில்லை, பிரான்சுக்குப் பெயர்ந்தார்.

செல் மேற்பரப்பின் உயிரியல் பற்றிய அவரது பெருநூல் 1939இல் வெளிவந்தது. மறு ஆண்டு பிரான்சைக் கைப்பற்றிய ஜெர்மானியர் அவரைச் சிறிது காலம் முகாமில் அடைத்தனர். விடுதலையாகித் தாயகம் திரும்பிய அவர், 1941 அக்டோபர் 27 அன்று கணையப் புற்றுநோயால் இறந்தார். வயது 58. மறு ஆண்டு வெளியான இரங்கல் குறிப்பில், நிறத்தின் பெயரால் விதிக்கப்பட்ட தடைகள் ஜஸ்டின் ஆய்வு வாழ்வு முழுவதையும் துயரமாக்கின என்று லில்லியே பதிவு செய்தார்.