மருத்துவப் பேராசான் சாமுவேல் கிறீன்

அருப்புக்கோட்டை, திருச்சுழி என்னும் வானம் பார்த்த சீமையின் இயல்பை எம் மாணவரிற் பலர் நன்கறிவர். குண்டாற்றில் நீரோடும் நாள் சில; மணல் காயும் நாள் பல. கரிசற்காட்டில் பருத்தியும் கம்பும் விளையும். ஊருக்கும் ஊருக்கும் இடையே தொலைவு நெடிது. அத்தகைய சிற்றூரொன்றில் நள்ளிரவில் ஒரு தாய் பேறுகால நோவுற்றால், கைதேர்ந்த மருத்துவர் எவ்வூரில் உளர் என்பதே முதற்கண் எழும் வினா. இவ்வினாவிற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார்.

அவர் பணிபுரிந்த இடம் யாழ்ப்பாணம். அங்கிருந்த அமெரிக்க மிஷனாரே 1834ஆம் ஆண்டில் மதுரையிலும் பணி தொடங்கினர். அம்மதுரை மிஷனின் நிலையமொன்று மண்டபசாலையில் அமைந்து, திருச்சுழிச் சீமையின் ஊர்களிலும் ஊழியஞ் செய்தது. ஆதலின் கிறீன் வரலாறு எமக்கு அயலாருடைய வரலாறு அன்று.

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் மாகாணத்து ஊஸ்டர் நகரிற் பிறந்தார். 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று, 1847இல் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். அப்பொழுது அவர்க்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. அடுத்த ஆண்டே மானிப்பாயில் மருந்தகம் நிறுவி, அதனோடு ஒருங்கே மருத்துவ வகுப்பொன்றையுந் தொடங்கினார். நோயாளரோ பலர், மருத்துவரோ ஒருவர். தாம் ஒருவரே எத்துணைப் பேரைக் காத்தல் கூடும் என்று எண்ணிய அவர், தம்மைப் போன்றாரைப் பலராகப் பெருக்குதலே வழியெனத் துணிந்தார்.

அவர் கற்பித்த முறை யாம் கருதற்பாலது. மாணவர் நூலை ஓதியதனோடு அமைந்திலர். மருந்தகத்தில் ஆசிரியர் அருகில் நின்று நோயாளரைக் கண்டனர், மருந்து கூட்டினர், புண்ணுக்குக் கட்டுக் கட்டினர், இரண சிகிச்சையில் உடனிருந்து உதவினர். வாந்திபேதி பரவிய காலங்களில் ஊர்தோறுஞ் சென்று உழைத்தனர். இங்ஙனம் கண்ணும் கையும் பழகிய பின்னரே அவர் மருத்துவராயினர்.

எனினும் ஒரு குறை அவர் உள்ளத்தை வருத்தியது. முதலில் வகுப்பு ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. ஆங்கிலத்திற் கற்றோரிற் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். சிற்றூர்கள் முன்போலவே மருத்துவரின்றி நின்றன. இதனைக் கண்ட கிறீன், விடுமுறையில் தாய்நாடு சென்று 1862இல் மனைவியாருடன் மீண்டு வந்த பின், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். உத்தியோகத்தை விரும்பிய மாணவர்க்கு இது மகிழ்ச்சி தரவில்லை. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை.

தமிழிற் கற்பிக்க நூல்கள் வேண்டுமே! அவற்றையும் அவரே ஆக்க முற்பட்டார். மாணவரையும் துணைவரையும் உடன்கொண்டு, 1867இல் இரண வைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தமும் வெளியிட்டார். புதிய கலைச்சொல் வேண்டியவிடத்து முதலில் தமிழிலும், அங்குக் கிட்டாதாயின் வடமொழியிலும் தேடினார். இரண்டிலும் இல்லாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் அமைத்துக்கொண்டார். இந்நூல்களின் பக்கங்கள் நாலாயிரத்திற்கும் மேற்பட்டவை. உடல்நலங் குன்றி 1873இல் ஊஸ்டர் திரும்பிய பின்னரும், கடல் கடந்து வந்த கையெழுத்துப் படிகளைத் திருத்தி அனுப்பினார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு மே 28ஆம் நாள் அவர் காலமானார்.

அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். அவருள் முப்பத்து மூவர் தமிழிற் கற்றவர். அவர் சென்ற சில ஆண்டுகளில் தமிழ் வகுப்பு நின்றுபோயிற்று. தொடர்ந்து நடத்துவாரும், கற்றவர்க்கு மதிப்பளிப்பாரும் அருகியமையின் நேர்ந்த இழப்பு இது. மானிப்பாயில் அவர் பெயர் பூண்ட வைத்தியசாலை மட்டும் இன்றும் நிலவுகின்றது.

2022ஆம் ஆண்டில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. கரிசற் சீமையின் பிள்ளைகள் தம் மாவட்டத்திலேயே மருத்துவம் பயிலும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. கட்டிடமும் கருவியும் கிறீன் காலத்தினும் பன்மடங்கு சிறந்தன. ஆயினும் நோயாளியின் அருகில் நின்று கைபழகுதலும், அவன் நோவை அவன் மொழியிலேயே கேட்டறிதலும், கற்றபின் அவன் ஊருக்கே மீளுதலும் பணத்தாற் பெறத்தக்கன அல்ல. கிறீன் தம் மாணவர்க்குக் காட்டிய நெறி அதுவே. மருத்துவம் பயிலச் செல்லும் எம் மாணவர், குண்டாற்றங்கரைச் சிற்றூர்களையும் அங்கு நள்ளிரவில் துணை தேடி நிற்கும் தாய்மாரையும் மறவாதிருப்பாராக.