வைலிமாவிற் குடியேறிய ஸ்டீவன்ஸன்

‘புதையல் தீவு’ என்னும் கதையைப் படியாதார் நம்மிற் சிலரே இருப்பர். 1883-ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்ட ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன், பின்னாளில் மெய்யான தீவொன்றிலே நிலம் வாங்கிக் குடியேறிய வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

1850-ஆம் ஆண்டு எடின்பரோ நகரிற் பிறந்த இவர், கடலிடையே கலங்கரை விளக்கங்கள் எழுப்பிய பொறிவல்லார் மரபினர். பெற்றோர்க்கு ஒரே மகன். இளமை தொட்டே மார்நோய் இவரை விடவில்லை. போர்ன்மத் என்னும் ஊரில், தந்தையார் தம் மருமகள் பானிக்கு ஓர் இல்லம் வாங்கி அளித்தார்; அங்கும் இவர் நடமாடிய நாளினும் படுத்த நாளே மிகுதி. 1887-இல் தந்தையார் மறையவே, குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார். மறு ஆண்டு பசிபிக் கடலிற் கலம் ஏறினார். கடற்காற்று இவர்க்கு மருந்தாயிற்று.

1889 டிசம்பரில் ஸமோவா நாட்டு அபியாத் துறையில் இறங்கியவர், அடுத்த மாதமே ஊருக்கு மூன்று மைல் உள்ளே, வைலிமா என்னுமிடத்தில் 314 ஏக்கர் காடு வாங்கினார். ஒருமுறை தாயகம் சென்று மீளலாம் என்பதே அப்போதைய எண்ணம். ஆனால் சிட்னி சேர்ந்த அளவில் நோய் மீண்டும் வீழ்த்தியது. வெப்பநாட்டை விடுத்தால் உயிர் தங்காது என்பது தெளிவாயிற்று. வாங்கிய நிலமே இனித் தம் ஊர் என்று அன்றுதான் அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

அவ்வாண்டு இறுதியிற் சிறு குடிலொன்றில் தங்கிக் காடு திருத்தினர். பானி அம்மையார் மண்ணோடு மல்லாடித் தோட்டம் பயிரிட்டார். போர்ன்மத் வீடு விலைப்பட்டது. அதன் தட்டுமுட்டுப் பொருள்கள் உலகைச் சுற்றி வந்து சேர்ந்தன. அறுபது கடந்த அன்னையாரும் 1891-இல் வந்து உடனுறைந்தார். மாடிவீடு எழும்பிற்று, அதன் செலவெல்லாம் எழுதுகோலே ஈட்டவேண்டியிருந்தது. அவ்வீட்டிற் குளிர்காயும் அடுப்பொன்றும் அமைத்தார் என அறிந்து முதலில் நகைத்தோம். வேர்வை ஓயாத நாட்டில் அடுப்பு எதற்கு? ‘கத்ரியோனா’ முதலிய ஸ்காத்லாந்துக் கதைகளை அவர் அங்கிருந்தே எழுதினார் என்பதை எண்ணியபின் நகைப்பு அடங்கிற்று.

வேலிக்குள் ஒதுங்கி வாழவும் அவரால் இயலவில்லை. ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று அரசுகளும் ஸமோவாவை ஆட்டிப்படைத்த காலம் அது. 1892-இல் அத்தீவின் துயரை நூலாக எழுதினார். இலண்டன் நாளிதழுக்கு முறையீட்டுக் கடிதங்கள் விடுத்தார். நாடு கடத்தப்படுவாரோ என்னும் அச்சமும் எழுந்தது. வந்தேறிக்கு இவ்வழக்கு ஏன் என்று கேட்டார் இருந்திருக்கலாம். நாம் அவர் பக்கமே நிற்போம். மறு ஆண்டு மூண்ட போரில் மதாபா என்னும் தலைவர் தோற்க, அவரைச் சார்ந்த தலைவர் பலர் அபியாவிற் சிறைப்பட்டனர். ஸ்டீவன்ஸன் சிறைக்கே சென்று அவர்களைக் கண்டார். உணவும் புகையிலையும் உதவினார்.

1894-இல் விடுதலை பெற்ற அத்தலைவர்கள், கூலி வேண்டாது வைலிமா வீட்டிற்குப் பாதையொன்று அமைத்துக் கொடுத்தனர். மண்வேலையை இழிவெனக் கருதும் குலத்தலைவர்கள் தாமே முன்னின்று செய்த வேலை அது. அன்புள்ளங்களின் பாதை என்று அதற்குப் பெயரும் இட்டனர்.

பாதை முடிந்து இரண்டு திங்களும் நிரம்பவில்லை. டிசம்பர் 3-ஆம் நாள் காலையிற் புதுக்கதையொன்றைச் சொல்லி எழுதுவித்தவர், மாலையில் மூளைக் குருதிப்பெருக்கால் வீழ்ந்து அன்றிரவே உயிர் நீத்தார். ஆண்டு நாற்பத்து நான்கு. மறுநாள் ஸமோவர்கள் வாயா மலையின் அடர்ந்த காட்டை வெட்டி வழிசெய்து, அவர் உடலைத் தோளிற் சுமந்து உச்சிக்கு ஏறினர்.